மேல்மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்: அடிமண், வடிகால், வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் செவல், கரிசல், வண்டல், மணற்பாங்கான நிலங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை இந்தப் பதில்கள். வயலுக்கும் தோப்புக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் பொருந்தும். யூனிட் என்று சொல்லுமிடத்தில் 100 கன அடி என்று கொள்ளவும்.

மழை விட்டு இரண்டு நாளாகியும் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. களிமண் என்பதால்தானே?

களிமண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் தேங்க நான்கு காரணங்கள் உண்டு. மேல்பரப்பு பொருக்குத் தட்டி இறுகியிருக்கலாம். மண் முழுவதுமே நுண்களியாக இருக்கலாம். மேலே நல்ல மண் இருந்தும் ஒன்றரை அடிக்குக் கீழே கெட்டியான அடுக்கு ஒன்று தண்ணீரை மறிக்கலாம். அல்லது நிலத்தடி நீர்மட்டமே மேலேறி வந்திருக்கலாம்.

நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. பொருக்குக்கு உளிக்கலப்பை (ஆழத்தில் இறங்கிக் கெட்டி அடுக்கை உடைக்கும் கலப்பை) ஓட்டுவது வீண் செலவு. கெட்டி அடுக்குக்கு எரு கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டம் மேலே இருந்தால் எதைத் தோண்டினாலும் அந்தக் குழி கிணறாகத்தான் நிற்கும். ஆகவே காசு செலவழிக்கும் முன் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மண்பரிசோதனைக்கு மேலாக 15 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் சத்துக்கணக்கு தெரியும். வேர் எங்கே முட்டி நிற்கிறது என்பது அதில் தெரியாது.

குழியை எப்படித் தோண்டுவது? அதில் எதைப் பார்ப்பது?

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மூன்றரை அடி ஆழம். தென்னையோ மாவோ வைக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்தடி வரை போங்கள். ஏக்கருக்கு இரண்டு குழியாவது வேண்டும்: ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். மழை பெய்து மூன்று நாள் கழித்துத் தோண்டுவது நல்லது. காய்ந்த கோடையில் எல்லா மண்ணும் கெட்டியாகத்தான் தெரியும்.

தோண்டியதும் வெயில் படும் பக்கச் சுவரைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். மண்வெட்டி இழுத்த இடத்தில் களி மெழுகியதுபோல் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சுரண்டிய பிறகு மேலிருந்து கீழாகக் கத்தி முனையை இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை குத்திக்கொண்டே வாருங்கள். பொதுக்கென்று இறங்கிக்கொண்டே வந்த கத்தி ஓரிடத்தில் டக்கென்று நிற்கும். அந்த ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் தோண்டிய குழியாக இருந்தால், அதே கோட்டுக்கு மேலே சுவர் கசிந்து பளபளக்கும். ஒரு சாண் கீழே மண் உலர்ந்து கிடக்கும். மறிக்கும் அடுக்குக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

அடுத்து வேரைப் பாருங்கள். பருத்தி, துவரை, முருங்கை போன்றவற்றின் ஆணிவேர் நேராக இறங்கி வந்து, கெட்டி அடுக்கில் முட்டியதும் முழங்கை மடக்கியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்.

நிறமும் பேசும். சீரான சிவப்போ பழுப்போ காற்று புழங்கும் மண்ணின் அடையாளம். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் சிதறியிருந்தால் வருடத்தில் சில வாரங்கள் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். முழுவதும் நீலச்சாம்பலாக இருந்து அழுகிய முட்டை வாடையும் அடித்தால் அங்கே பெரும்பாலும் தண்ணீர்தான். வெள்ளை முடிச்சுகள் தென்பட்டால் ஒன்றை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, அதாவது சுக்கான்.

ஆய்வகத்துக்குப் போகாமல் மணல், வண்டல், களி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஈரமண்ணைப் பிசைந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாகத் தள்ளுங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் மணல். ஒரு அங்குலத்துக்குள் நாடா ஒடிந்தால் பொறைமண், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். ஒன்று முதல் இரண்டு அங்குலம் வந்தால் களிப்பொறை. அதற்கும் மேல் ஒடியாமல் தொங்கினால் களி.

இன்னும் கணக்காக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், முக்கால் பாகம் வரை தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைத்தூள் போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல். இரண்டு மணி நேரம் வரை படிவது வண்டல். ஒன்றிரண்டு நாள் கழித்துப் படிவது களி. மூன்று கோடும் போட்டு அளந்தால் விழுக்காடு வந்துவிடும். களி 40 விழுக்காட்டைத் தாண்டினால் அதைக் களிமண் என்றே நடத்த வேண்டும்.

மேல்மண்ணுக்கு ஒரு பாட்டில், ஒன்றரை அடி ஆழத்து மண்ணுக்கு ஒரு பாட்டில் என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு முக்கியம்.

தண்ணீர் வடியும் வேகத்தை எப்படி அளப்பது?

ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுங்கள். பக்கச் சுவரை முள்கரண்டியாலோ பழைய சீப்பாலோ கீறிவிடுங்கள். தண்ணீர் நிரப்பி, அது முழுதும் வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, அளவுக்குச்சி ஒன்றை நட்டு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை இறங்கும் வேகம் கணக்கில்லை; அது காய்ந்த மண் குடிக்கும் தண்ணீர்.

மணிக்கு ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் வடிகால் மோசம். ஒன்று முதல் மூன்று அங்குலம் என்றால் பெரும்பாலான பயிர்களுக்கு நல்லது. நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் தண்ணீரோடு உரமும் கீழே போகிறது.

இதே சோதனையை இரண்டடி ஆழத்திலிருந்து தொடங்கும் இன்னொரு குழியிலும் செய்யுங்கள். மேலே இரண்டு அங்குலம், கீழே கால் அங்குலம் என்று வந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. கரிசலில் மட்டும் இதைக் கோடையில் செய்யாதீர்கள். வெடிப்பு வழியாகக் குடம் குடமாக இறங்கும். அதை நம்பி மோசம் போவீர்கள்.

செம்மண்ணில் தண்ணீர் நிற்காது என்பார்கள். எங்கள் செவல் காட்டில் மாமரம் மஞ்சளடித்து நிற்கிறதே?

செம்மண்ணின் களித்துகள் கரிசல் களிபோல் உப்பி அடைத்துக்கொள்ளும் வகையல்ல. அதனால்தான் செம்மண் வடியும் என்ற பேச்சு. ஆனால் அது மண்கண்டம் ஆழமாக இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். மேற்கு மாவட்டங்களிலும் சேலம், நாமக்கல் பக்கமும் பல செவல் காடுகளில் ஒன்று இரண்டடிக்குக் கீழேயே சரளையோ சுக்கானோ உடைந்த பாறையோ வந்துவிடும். இது தவிர, செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மழையில் இறங்கிச் சேரும் களித்துகளும் பிணைந்து காலப்போக்கில் ஒரு கெட்டி அடுக்கை உண்டாக்கும். வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் கலப்பையோ ரோட்டாவேட்டரோ ஓட்டினாலும், அதன் கத்தி தொடும் ஆழத்துக்கு நேர் கீழே மண் அமுங்கித் தகடாகிவிடும்.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. 8 மில்லிமீட்டர் கம்பியை மூன்றடிக்கு வெட்டி, மேலே குறுக்காகக் கைப்பிடி பற்ற வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் பத்து இடத்தில் குத்திப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று எழுதுங்கள். பத்து இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆழம் வந்தால் அது உழவினால் வந்த தகடு. ஒரு இடத்தில் அரை அடி, இன்னொரு இடத்தில் இரண்டடி என்று மாறி மாறி வந்தால் சரளை, சுக்கான் அல்லது பாறை.

மாமரத்தின் மஞ்சளுக்கு வருவோம். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் சுக்கான்தான் முதல் சந்தேகம். சுண்ணாம்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து 15 நாள் இடைவெளியில் தெளித்தால் புது இலை பச்சையாகும். ஆனால் இது வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. அடியில் உள்ள சுக்கான் அப்படியேதான் இருக்கும். மண்ணில் அன்னபேதி போடுவதால் அங்கே பலன் மிகக் குறைவு.

உளிக்கலப்பை ஓட்டினால் சரியாகுமா?

உழவுத் தகட்டுக்கும் செம்மண் கெட்டி அடுக்குக்கும் சரியாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவானது: 50 சென்டிமீட்டர் இடைவெளியில், 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, முதலில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும். கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் அல்லது மக்கிய தென்னைநார்க் கழிவு இட வேண்டும்.

பலன் இல்லை என்று சொல்பவர்களின் நிலத்தைப் பார்த்தால் தவறு பெரும்பாலும் ஈரத்தில் இருக்கும். இந்தக் கலப்பையின் வேலை அடுக்கை உடைப்பது. காய்ந்த மண்தான் உடையும். ஈரமண்ணில் உளி வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஒரு கோடு மட்டும் கிழித்துவிட்டுப் போகும், அந்தக் கோட்டின் பக்கச் சுவரும் மெழுகிவிடும். சித்திரை, வைகாசியில், அடுத்த மழைக்கு முன் ஓட்டுங்கள். ஒன்றரை அடி ஆழத்து மண்ணைக் கையில் எடுத்து நசுக்கினால் பொடிய வேண்டும். உருண்டை பிடித்தால் பொறுத்திருங்கள்.

இரண்டாவது தவறு, கெட்டி அடுக்குக்கு உள்ளேயே உளியை ஓட்டுவது. முனை அந்த அடுக்குக்கு இரண்டு அங்குலம் கீழே போக வேண்டும். தகடு 30 சென்டிமீட்டரில் தொடங்கி 40-ல் முடிந்தால் 45 போதும். அடுக்கு அதற்கும் கீழே இறங்கினால் இந்தக் கருவிக்கு எட்டாது. சுக்கான் பாறைக்கும் இது தீர்வல்ல.

உடைத்த பிறகு துவரை, ஆமணக்கு, சணப்பு என்று ஆழவேர்ப் பயிர் ஒன்றைப் போடுங்கள். வேர் போன வழி அடுத்த பயிருக்கும் தண்ணீருக்கும் பாதையாகும். உடைத்த கையோடு ரோட்டாவேட்டரை நான்கு சால் ஓட்டினால் செய்த செலவு அத்தனையும் போயிற்று.

கரிசலில் கோடையில் கை நுழையும் வெடிப்பு, மழையில் சேறு. இதை எப்படிக் கையாள்வது?

கரிசலின் களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். முதல் மழை வெடிப்பு வழியாக விறுவிறுவென்று உள்ளே போய்விடும். மண் உப்பி வெடிப்பு மூடியதும் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் மிச்சமெல்லாம் மேலேதான் நிற்கும், அல்லது வரப்பை உடைத்துக்கொண்டு போகும்.

ஆனால் இதே குணம்தான் மானாவாரிக்கு உயிர். ஒரு மீட்டர் ஆழக் களிமண் 175 முதல் 250 மில்லிமீட்டர் வரை பயிருக்குக் கிடைக்கும் ஈரத்தைத் தாங்கும். மணலில் அது 25 முதல் 100 தான். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மழை ஓய்ந்த பிறகும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் பனியிலேயே விளைவது இந்த ஈரத்தால்தான். அதனால் கரிசலை மாற்றப் பார்க்காதீர்கள். மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் வழிய விடுங்கள்.

அதற்குத் தோதானது அகலப்பாத்தி: ஒரு மீட்டர் அகலப் பாத்தி, அரை மீட்டர் சால், சாலின் ஆழம் அரை அடி. சாலுக்குச் சரிவு 0.4 முதல் 0.8 விழுக்காடு, அதாவது 100 அடிக்கு 5 முதல் 10 அங்குலம். அதற்குக் குறைந்தால் நிற்கும், கூடினால் அரிக்கும். இந்த முறையை ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வகுத்தது. சால்கள் எல்லாம் ஒரு பொது வாய்க்காலில் சேர்ந்து, அந்த வாய்க்கால் ஓர் ஓடையிலோ பண்ணைக்குட்டையிலோ முடிய வேண்டும். முடிவிடம் இல்லாத சால் பள்ளத்து மூலையில் குளமாகத் தேங்கும்.

சேறாக இருக்கும்போது டிராக்டரை இறக்காதீர்கள். ஈரக் கரிசலில் ஒரு தடவை சக்கரம் போன தடம் அந்தப் பருவம் முழுக்கப் பயிரில் தெரியும்.

களிமண்ணில் மணல் கலந்தால் இளகிவிடுமா?

கொஞ்சம் கலந்தால் இன்னும் கெட்டியாகும். மணல்துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் களி அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் செங்கல் போலாகும். மணல் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் அளவுக்கு, ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருந்தால்தான் பயன். ஒரு சென்டில் ஒரு அடி ஆழத்தைப் பாதி மணலாக்க இரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஏக்கருக்கு 200 யூனிட்! மணல் விற்கும் விலைக்கு அந்தக் கணக்கை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

மக்கு எரு வேறு வகையில் வேலை செய்யும். அது களித்துகள்களைச் சிறு சிறு குருணைகளாகக் கட்டும். குருணைகளுக்கு நடுவே காற்றும் நீரும் போகும். சென்டுக்கு 70 கன அடி மக்கு, அதாவது இரண்டு அங்குல உயரம், முதல் வருடம் கலந்து, பிறகு வருடத்துக்கு அரை அங்குலமாவது சேர்த்து வாருங்கள். வயலுக்கு அவ்வளவு எரு கிடைக்காது. அங்கே தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து 45 நாளில், பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவதுதான் கட்டுப்படியாகும்.

ஜிப்சம் போடச் சொல்கிறார்களே?

களர் மண்ணுக்கு ஜிப்சம் மருந்து. வெறும் களிமண்ணுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. களரில் சோடியம் களித்துகள்களைப் பிரித்துச் சிதறடிக்கிறது. சிதறிய துகள் மண்ணின் துளைகளை அடைக்கிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். சோடியமே இல்லாத இடத்தில் விலக்குவதற்கு என்ன இருக்கிறது?

உங்களுடையது எது என்று ஒரு டம்ளரில் பார்த்துவிடலாம். பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியை மழைத்தண்ணீரில் மெதுவாகப் போட்டு அசைக்காமல் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. அதில் உள்ள உப்பு விடையைக் கெடுக்கும். சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு வளையம் படர்ந்திருந்தால் சோடியம் இருக்கிறது. ஜிப்சம் வேலை செய்யும். கட்டி உதிர்ந்து விழுந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மக்குச்சத்துதான் குறை. கட்டி கட்டியாகவே நின்றால் அந்த மண் நல்ல மண். அடிமண்ணுக்கும் தனியாக இதைச் செய்யுங்கள். மேலே தெளிவாகவும் கீழே பாலாகவும் வரும் நிலங்கள் உண்டு.

களர் என்று உறுதியானால் மண்பரிசோதனையில் ஜிப்சத் தேவையைக் கேட்டு வாங்குங்கள். பி.எச். (கார அமில அளவு) 8.5-க்கு மேல், களித்துகள்கள் பிடித்து வைத்திருக்கும் கால்சியம், சோடியம் போன்றவற்றில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது களர். சமன் செய்து வரப்பு கட்டிய நிலத்தில் தேவையில் பாதி அளவு ஜிப்சத்தைத் தூவி, மேலாக உழுது, நான்கைந்து அங்குலம் தண்ணீர் கட்டி, அதை வடியவிட வேண்டும். இப்படி மூன்று நான்கு தடவை. பிறகு தக்கைப்பூண்டு, அதன் பிறகு திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல். வடிவதற்கு வழியில்லாத நிலத்தில் கரைந்த சோடியம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். எனவே முதலில் வடிகால் வெட்டிவிட்டு அப்புறம் ஜிப்சம் வாங்குங்கள்.

உவர் நிலம் வேறு. அங்கே ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 4 dS/m-க்கு மேல் இருக்கும், மேலே வெள்ளை உப்புப் பூக்கும். அதற்கு நல்ல தண்ணீரால் கழுவி வடிப்பதே வழி.

குழியின் அடியில், தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமல்லவா?

வடியாது. பரவலாக நம்பப்படும் இந்தப் பழக்கம் செடியைக் கெடுக்கிறது. பொடிமண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஜல்லியின் பெரிய இடைவெளிக்கு அந்தத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் பலம் இல்லை. மேலே உள்ள மண் முழுதும் நனைந்து சொதசொதவென்று ஆன பிறகே ஒரு சொட்டு ஜல்லிக்குள் இறங்கும். ஆக, தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய சேற்றை நீங்களே வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைக்கிறீர்கள்.

பாத்திரம் கழுவும் பஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள்; சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதையே நெட்டாக நிமிர்த்துங்கள், மறுபடி சொட்டும். தொட்டி மண்ணும் இப்படித்தான். உயரம் கூடக் கூட நன்றாக வடியும். ஜல்லி போட்டு உயரத்தைக் குறைத்தால் வடிவது குறையும். துளை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லோ வலைத்துண்டோ போதும்.

நிலத்திலும் இதே கதைதான். நுண்மண்ணுக்குக் கீழே பருமணல் அடுக்கு இருந்தாலும் தண்ணீர் அந்த எல்லையில் தயங்கி நிற்கும். அடிமண் மணல்தானே, வடிந்துவிடும் என்று இருந்துவிட முடியாது.

கெட்டியான களியில் மரக்கன்று வைக்கப் பெரிய குழி எடுத்து, நல்ல மண் போட்டு நிரப்பலாமா?

அந்தக் குழி தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள களியில் இறங்க முடியாத மழைத்தண்ணீர் எல்லாம் இளகிய மண் உள்ள உங்கள் குழியைத் தேடி வரும், வந்தது போகாது. முதல் வருடம் கன்று செழிப்பாக இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் கருகும். வேரும் அந்தக் குழிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.

களியில் மேடு கட்டுங்கள். அடியில் ஆறடி விட்டம், ஒன்றரை முதல் இரண்டடி உயரம். முதலில் தரையை முள்கரண்டிக் கடப்பாரையால் குத்தி இளக்கி, அதே நிலத்து மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கு கலந்து குவிக்க வேண்டும். வெளியிலிருந்து வேறு வகை மண் கொண்டுவந்தால் தரையோடு கலந்து விடுங்கள். இரண்டு மண்ணுக்கு நடுவே வெட்டுக் கோடுபோல் எல்லை இருக்கக் கூடாது. எலுமிச்சை, சாத்துக்குடி, பப்பாளிக்கு மேடு கட்டாயம். பப்பாளி வேர் தண்ணீர் நிற்கும் மண்ணில் ஒன்றிரண்டு நாள்கூடத் தாங்காது.

குழிச் சுவர் மண்வெட்டியால் வழவழப்பாகியிருந்தால் கொத்திக் கரடுமுரடாக்கிவிட்டு நடுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் செம்பொறையில் (இரும்பு சேர்ந்து கல்போல் இறுகிய செம்மண்) தென்னை வைப்பவர்களுக்கு: நான்கடிக்கு நான்கடி, நான்கடி ஆழக் குழி எடுத்து, நடுவதற்கு ஆறு மாதம் முன்பே குழிக்கு 2 கிலோ கல்லுப்பு போட்டுவைத்தால் அடிக்கல் இளகிக் கொடுக்கும். இது செம்பொறைக்கு மட்டும். கரிசலிலோ களரிலோ உப்பைப் போட்டுவிடாதீர்கள்.

டெல்டா நஞ்சை. நெல்லுக்குப் பிறகு உளுந்து, வாழை சரியாக வரவில்லை. கெட்டி அடுக்கை உடைத்துவிடலாமா?

மறுபடி நெல் போடுவதாக இருந்தால் உடைக்காதீர்கள். சேற்றுழவில் அரை அடிக்குச் சற்றுக் கீழே உருவாகும் அந்தத் தகடுதான் தண்ணீரை நிறுத்தி வைக்கிறது. அதை உடைத்தால் மடையில் எவ்வளவு பாய்ச்சினாலும் நிற்காது. உளுந்து அந்தத் தகட்டுக்கு மேலே உள்ள ஈரத்தில்தான் வாழ்கிறது. தை மாதம் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தால் மூழ்கும். 20 அடிக்கு ஒரு சிறு வாய்க்கால், முக்கால் அடி ஆழத்தில், அறுவடை முடிந்ததும் இழுத்துவிடுங்கள்.

வாழைக்கும் வெற்றிலைக்கும் காவிரிக்கரை விவசாயிகள் கண்ட வழியே சிறந்தது. வரிசைக்கு நடுவே ஆழமான வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை வேர்ப்பக்கம் ஏற்றுகிறார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் நடக்கும்போது இடுப்பளவு மேட்டில் கொடியும் காலடியில் தண்ணீரும் இருப்பதைப் பார்க்கலாம். கீழே களியை அப்படியே விட்டுவிட்டு மேலே வேருக்குக் காற்றுள்ள மண் கொடுக்கும் முறை அது.

தொடர்ந்து மூன்று போகம் நெல் போட்டு மண் பொதபொதத்து, மாடும் டிராக்டரும் புதைகிறது என்றால் கதை நேர்மாறு. அங்கே அறுவடைக்குப் பத்து நாள் முன் தண்ணீரை நிறுத்தி, அறுவடை முடிந்ததும் அரைகுறை ஈரத்தில் 400 கிலோ கல் உருளையை எட்டு முறை ஓட்டி இறுக்க வேண்டும்.

எங்களுடையது மணல். ஊற்றினால் ஊற்றிய இடம் தெரியவில்லை.

ஏரி வண்டல் அடியுங்கள். ஏக்கருக்கு 40 டன், அதாவது பத்துப் பதினோரு யூனிட்; பரப்பினால் கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும், ஆனால் வித்தியாசம் கண்ணில் தெரியும். கோடையில் பரப்பி, கட்டிகள் வெயிலில் உதிர்ந்த பிறகு உழ வேண்டும். கொண்டுவரும் முன் அந்த வண்டலையும் டம்ளர் சோதனையில் பாருங்கள். களர் ஏரியின் வண்டல் உபத்திரவம். அரசு ஏரி, குளங்களில் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும்.

சொட்டுநீர் போடுகிறவர்கள் மணலில் ஓரடிக்கு ஒரு துளை வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மணலில் தண்ணீர் கேரட் வடிவில் நேராக இறங்கும், பக்கவாட்டில் பரவாது. களியில் அது கவிழ்த்த தட்டுபோல் பரவும். அங்கே இரண்டடிக்கு ஒன்று, மணிக்கு 2 லிட்டர் துளை போதும். யூரியாவை மணலில் ஒரே தடவையாகக் கொட்டாமல் நான்கைந்தாகப் பிரித்துப் போடுங்கள்.

தென்னைக்கு மட்டையைப் புதைப்பது நல்ல பலன் தரும். மரத்திலிருந்து ஆறடி தள்ளி வாய்க்கால் எடுத்து, தேங்காய் மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் மூடுங்கள். ஐந்தாறு வருடம் ஈரம் பிடிக்கும்.

வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. குழாய் வடிகால் போடலாமா?

தண்ணீர் போய்ச் சேர இதைவிடத் தாழ்வான இடம் இருந்தால் போடலாம். அது இல்லையென்றால் புதைத்த குழாய் புதைத்ததுதான். ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்தில் வாய்க்கால்; 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு. அடியில் 20 மில்லிமீட்டர் ஜல்லி இரண்டு அங்குலம், அதன்மேல் நான்கு அங்குலத் துளைக்குழாய், துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க. சுற்றிலும் மேலும் ஜல்லி நிரப்பி, மொத்தத்தையும் வடிகட்டும் துணியால் பொதியுங்கள். துணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் களி புகுந்து அடைத்துக்கொள்ளும்.

முன்னே ஜல்லி வேண்டாம் என்று சொன்னது நினைவிருக்கும். இங்கே ஜல்லி வேருக்கு அடியில் தேங்கவில்லை; ஒரு வெளிவாயை நோக்கி ஓடுகிறது.

புது மனை. மேலே ஓரடி செம்மண் அடித்தும் எதுவும் வளரவில்லை.

கீழே கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி, பொக்லைன் ஏறி இறங்கி அமுக்கியிருப்பார்கள். சிமெண்ட் கரைசல் ஊற்றிய இடங்களில் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். செம்மண்ணில் இறங்கிய தண்ணீர் அந்த எல்லையில் நிற்கிறது. செடி வைக்கும் இடத்தில் மட்டும் மூன்றடி சதுரத்தில் நிரப்பை முழுதும் தோண்டி, பழைய தரை வரை போய், அதையும் ஒரு சாண் கொத்திவிட்டு மண்ணும் மக்கும் கலந்து நிரப்புங்கள். பழைய தரையே களியாக இருந்தாலோ, நிரப்பு நான்கடிக்கு மேல் இருந்தாலோ தோண்டாமல் ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டிக்கொள்வது மேல்.

தண்ணீர் நிற்கும்போதே செடி வாடுகிறது. ஏன்? உடனே என்ன செய்வது?

வேர் மூச்சுவிட்டால்தான் தண்ணீரை உறிஞ்சும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுமுட்டிய வேர் தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் இருக்கிறது. இலை தொங்குவதைப் பார்த்து மேலும் தண்ணீர் விடுபவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

பள்ளமான மூலையிலிருந்து தொடங்கி மேட்டை நோக்கி ஓரடி ஆழத்தில் வாய்க்கால் இழுங்கள். சேற்றில் பாத்திக்குள் நடக்க வேண்டாம். காலில் மண் ஒட்டாத பதம் வந்ததும் லேசாகக் கொத்திப் பொருக்கை உடைத்துவிடுங்கள். தேங்கிய மண்ணில் தழைச்சத்து ஆவியாகவும் கரைந்தும் போயிருக்கும். வேரும் அப்போது சரியாக உண்ணாது. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து மண்ணில் மேலுரம் இடலாம். மிளகாய், கத்தரி, எலுமிச்சைக்கு வேரழுகல் வராமல் இருக்க லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள்.

கடைசியாக, எந்த மண்ணில் எதைத் தவிர்க்க வேண்டும்?

கெட்டிக் களியில் நிலக்கடலை வேண்டாம்: விழுது இறங்காது, இறங்கிய காயும் பிடுங்கும்போது மண்ணிலேயே தங்கிவிடும். கரிசலில் சின்ன வெங்காயம் போட்டால் மேட்டுப்பாத்தியில்தான். இரண்டடிக்குள் சுக்கான் உள்ள இடத்தில் எலுமிச்சை வகை வேண்டாம்; சீத்தா, நெல்லி, இலந்தை தாங்கும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் முருங்கை அழுகும். அங்கே கொய்யா ஓரளவு சமாளிக்கும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் பனையும் முந்திரியும் நிற்பது அவற்றின் வேர் வெகு ஆழம் போவதால். அதே மணலில் வாழை வைத்தால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.